உமிழ்நீர் சேகரிக்கும் பஞ்சுச்சுருள் குழாய்: கொழுப்பை அளக்க இது பொருந்துமா?

உமிழ்நீரைச் சேகரிப்பதற்கென்றே விற்கப்படும் பஞ்சுச்சுருள் குழாயை எங்கள் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் ஓராண்டுக்கும் மேலாகப் பல வேலைகளுக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறோம். அவற்றில் சிலவற்றுக்கு அது மிக நன்றாகவே உதவியது. இந்த மதிப்புரை அந்த எல்லா வேலைகளையும் பற்றியது அல்ல. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்னும் பரம்பரை நோய் உள்ளவர்களின் உமிழ்நீரில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது, அந்த அளவு நோயின் தீவிரத்தோடு சேர்ந்து ஏறுகிறதா என்று பார்க்க விரும்பும் ஒருவர் இந்தக் குழாயை வாங்கலாமா என்ற ஒரு கேள்வியை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். குழாயைச் செய்த நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லவிருக்கும் முக்கியமான குறை பஞ்சு என்ற பொருளுக்கே உரியது. எந்த நிறுவனத்தின் முத்திரை ஒட்டியிருந்தாலும் அது மாறாது.

பொருள் எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பல் மருத்துவரிடம் போனவர்கள் கன்னத்துக்குள் அவர் திணிக்கும் வெள்ளைப் பஞ்சுச் சுருளை நினைவுபடுத்திக்கொள்ளலாம்; ஏறக்குறைய அதே வடிவிலான ஒரு சுருள், அடியில் சிறு துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள் தொங்கிக்கொண்டிருக்கும், அந்தக் குழாய் இன்னொரு பெரிய குழாய்க்குள் அமர்ந்திருக்கும். சுருளை வாயிலிட்டு ஓரிரு நிமிடம் மென்ற பிறகு மீண்டும் உள்குழாயில் போட்டு மூடிவிட வேண்டும். மையவிலக்குக் கருவியில் சுழற்றினால் பஞ்சில் ஊறிய நீர் துளை வழியாக வெளிக்குழாயின் அடியில் சேர்ந்துவிடும்; நுரை, சளி நூல், உணவுத் துணுக்கு ஆகியவை பெரும்பாலும் பஞ்சிலேயே தங்கிவிடும். கிடைக்கும் நீர் தெளிவாக, ஊற்றி அளக்கத் தோதாக இருக்கும். வாயைத் திறந்து குவளைக்குள் எச்சில் ஒழுகவிடக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது பெரிய ஆறுதல் என்பதை நான் மறுக்க மாட்டேன். மூடி இறுக்கமாகப் பொருந்துகிறது. ஆட்டோவில் பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்து மருத்துவமனையிலிருந்து ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தபோது ஒருமுறைகூடக் கசிந்ததில்லை.

உமிழ்நீரில் கொழுப்பா என்று கேட்பவர்கள் உண்டு. உமிழ்நீரில் ஏறக்குறைய 99 சதவீதம் நீர்தான். மீதியில் புரதமும் உப்பும் போக, மிகச் சிறிய பங்காகக் கொழுப்பும் இருக்கிறது. கொலஸ்ட்ரால், அதன் எஸ்டர், தனித்த கொழுப்பு அமிலங்கள், டிரைகிளிசரைடு, பாஸ்போலிப்பிட், சர்க்கரை சேர்ந்த கிளைக்கோலிப்பிட் என்று அதற்குள்ளும் பல வகைகள் உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸில் இந்தக் கொழுப்பின் மேல் ஆராய்ச்சியாளர்களின் கண் விழுந்தது இன்று நேற்றல்ல. 1982இல் அமெரிக்காவின் ஸ்லோமியானி குழுவினர், நோயாளிகளின் கீழ்த்தாடைச் சுரப்பியிலிருந்து வரும் உமிழ்நீரையும் நோயற்றவர்களின் உமிழ்நீரையும் ஒப்பிட்டு, நோயாளிகளிடம் கொழுப்பு கணிசமாகக் கூடுதலாக இருப்பதைப் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவரான லாரன்ஸ் டபக் பல ஆண்டுகள் கழித்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் தற்காலிக இயக்குநராகவும் இருந்தார். ஒரு பல் மருத்துவ ஆராய்ச்சியாளர் அந்த நாற்காலியில் அமர்ந்ததை எங்கள் பல் மருத்துவ மாணவர்களுக்கு நான் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

கீழ்த்தாடைச் சுரப்பி என்று அவர்கள் தெரிந்தெடுத்ததில் காரணம் உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் நோயில் பழுதுபடுவது ஏழாவது குரோமோசோமில் உள்ள, 1989இல் அடையாளம் காணப்பட்ட ஒரு மரபணு. அது சொல்லித்தரும் புரதம், செல்லின் மேற்பரப்பில் குளோரைடும் பைகார்பனேட்டும் கடந்துபோகும் கதவாக வேலை செய்கிறது. அந்தக் கதவு சரியாகத் திறக்காதபோது சுரப்பிகள் விடும் சளியில் நீர் குறைந்து அது கெட்டியாகிவிடுகிறது. நுரையீரலிலும் கணையத்திலும் நடக்கும் இதே கதை, கோழைத்தன்மை கொண்ட சளிப்புரதத்தை அதிகம் சுரக்கும் கீழ்த்தாடைச் சுரப்பியிலும் நடக்கிறது. நோயாளிகளின் கீழ்த்தாடை உமிழ்நீர் கலங்கலாக இருப்பதும், அதில் கால்சியமும் புரதமும் கூடியிருப்பதும் கொழுப்பைப் பற்றிய பேச்சு எழுவதற்கு முன்பே அறியப்பட்டவை. காதுக்கு முன்னால் கன்னத்தில் இருக்கும் பரோட்டிட் சுரப்பி பெரும்பாலும் நீர்த்த உமிழ்நீரையே விடுவதால் அங்கே மாற்றம் அவ்வளவாகத் தெரிவதில்லை. எந்தச் சுரப்பியின் உமிழ்நீர் என்பது கேட்க அற்பமாகத் தோன்றினாலும், குழாயைப் பற்றிய என் தீர்ப்பில் பாதி இதில்தான் நிற்கிறது.

குழாயோடு வரும் துண்டுத்தாள் சுருளை மெல்லச் சொல்கிறது. மெல்லும்போது தூண்டப்படுவது முக்கியமாகப் பரோட்டிட் சுரப்பி. வாய் சும்மா இருக்கும் நேரத்தில் ஊறும் உமிழ்நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கீழ்த்தாடைச் சுரப்பியிலிருந்து வருகிறது. மெல்லத் தொடங்கியதும் பரோட்டிட்டின் பங்கு சட்டென்று உயர்ந்து, நாம் தேடிவந்த உமிழ்நீரை நீர்த்துப்போகச் செய்துவிடுகிறது. சிட்ரிக் அமிலம் தடவிய சுருள் இன்னொரு வகையாக விற்கப்படுகிறது. அளவு நிறையக் கிடைக்கும் என்பதால் அவசரக்காரர்கள் அதை விரும்புவார்கள். ஆனால் கொழுப்புக்காக உமிழ்நீர் எடுப்பவர் அதைத் தொடவே கூடாது என்பது என் கருத்து. மெல்லாமல் வெறுமனே வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. பரோட்டிட்டின் நாளம் மேல்தாடையின் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தில் திறப்பதால், கன்னத்தில் ஒதுக்கிய சுருள் அந்த நீரைத்தான் முதலில் குடிக்கும். நாக்கின் அடியில் வைத்தால் கீழ்த்தாடைச் சுரப்பியின் நீர் கிடைக்கும். ஒரே குழாய், ஒரே பையன், ஒரே காலை; சுருளை எங்கே வைத்தான் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். துண்டுத்தாள் இதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் என்ற ஹார்மோனை அளப்பவருக்கு அந்த வரி தேவைப்படாமல் இருக்கலாம், எங்களுக்குத் தேவைப்பட்டது.

அடுத்து பஞ்சு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கும்போது எங்களுக்கும் இது தோன்றவில்லை. ஒரு முதுகலை மாணவியின் ஆய்வேட்டுக்காக நோயற்ற தன்னார்வலர்களின் உமிழ்நீரை முதலில் எடுத்துப் பழகினோம். குழாயிலிருந்து கிடைத்த தெளிந்த நீரில் குளோரோஃபார்மும் மெத்தனாலும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து கொழுப்பைப் பிரித்தெடுத்தோம். ஃபோல்ச் 1957இல் வகுத்த இந்த முறையையும், 1959இல் கனடாவில் பிளையும் டையரும் காட் மீன் தசையில் சோதித்துச் சுருக்கித் தந்த முறையையும் தாண்டி இந்தத் துறை இன்னும் வெகுதூரம் போய்விடவில்லை. பிரித்த கொழுப்பை வகை வகையாகப் பிரியும்படி சிலிக்கா தகட்டில் ஓடவிட்டு அயோடின் ஆவியில் காட்டினால், கொலஸ்ட்ரால் எஸ்டர் மேலே, அதற்குக் கீழே டிரைகிளிசரைடு, பிறகு தனித்த கொழுப்பு அமிலம், கொலஸ்ட்ரால், தொடங்கிய இடத்திலேயே நகராமல் பாஸ்போலிப்பிட் என்று மஞ்சள் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். எங்கள் தகட்டிலும் தெரிந்தன. நாங்கள் மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி அடுத்த வாரம் முடிந்தது. உமிழ்நீருக்குப் பதிலாகக் காய்ச்சி வடித்த தூய நீரை ஒரு சுருளில் ஊற்றி, அதே போலச் சுழற்றி, அதே போலப் பிரித்து, அதே தகட்டில் ஓடவிட்டோம். எந்த ஆய்விலும் முதல் நாளே செய்திருக்க வேண்டிய வெற்று மாதிரிச் சோதனை அது. தூய நீரிலும் தனித்த கொழுப்பு அமிலத்தின் இடத்தில் ஒரு புள்ளி நின்றது. எச்சில் படாத சுருளையே நேராகக் குளோரோஃபார்மில் ஊறவைத்துப் பார்த்தபோது தகட்டின் மேல்பகுதி முழுவதும் மஞ்சள் படர்ந்தது. பருத்தி இழையின் மேல் இயற்கையாகவே மெழுகு உண்டு. மருத்துவப் பஞ்சாக வெளுக்கும்போது அதில் பெரும்பகுதியை நீக்கிவிடுகிறார்கள், முழுவதையும் அல்ல. உறிஞ்சு பஞ்சில் ஈதரில் கரையும் பொருள் 0.5 சதவீதம் வரை இருக்கலாம் என்று ஐரோப்பிய மருந்துத் தரநூல் அனுமதிக்கிறது. புண்ணைத் துடைக்க இது மிக நல்ல பஞ்சு. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: அரை கிராம் எடையுள்ள ஒரு சுருளில் 0.5 சதவீதம் என்றால் 2.5 மில்லிகிராம், அதாவது 2500 மைக்ரோகிராம். ஒரு மில்லிலிட்டர் உமிழ்நீரில் நாம் தேடும் கொழுப்போ மைக்ரோகிராம் கணக்கில் இருப்பது. வைக்கோற்போரில் ஊசியைத் தேடுகிறவர் கையில் இன்னும் ஒரு கட்டு வைக்கோலையும் கொண்டுபோனது போல இருந்தது எங்கள் நிலை.

பஞ்சு கொடுப்பது ஒரு பக்கம் என்றால், எடுத்துக்கொள்வது இன்னொரு பக்கம். ஒரே ஆளின் உமிழ்நீரைக் கண்ணாடிக் குப்பியில் ஒழுகவிட்டு வாங்கி, அதில் பாதியை அப்படியே பிரித்தெடுத்தோம், மறுபாதியைச் சுருளில் ஊற்றிச் சுழற்றிய பிறகு பிரித்தெடுத்தோம். இரண்டாவது தகட்டில் கொலஸ்ட்ரால் எஸ்டரும் பாஸ்போலிப்பிட்டும் மங்கிவிட்டன. இது எங்களுக்கு மட்டும் நேர்ந்த வியப்பு அல்ல. டெஸ்டோஸ்டிரான், புரோஜெஸ்டிரான், டிஹெச்ஈஏ போன்ற ஸ்டீராய்டு ஹார்மோன்களை உமிழ்நீரில் அளப்பவர்கள், பஞ்சு அவற்றின் அளவைப் புரட்டிவிடுகிறது என்பதை 2001 வாக்கிலேயே எழுதிவிட்டார்கள். ஸ்டீராய்டுகளும் நீரை வெறுத்துக் கொழுப்பை நாடும் இனத்தவையே. உமிழ்நீரில் கொழுப்பு தனியாக மிதந்து திரிவதும் இல்லை. பெரும்பகுதி சளிப்புரதத்தோடும், உதிர்ந்த செல் துணுக்குகளோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழாயின் பெருமை என்று நான் மேலே சொன்னேனே, சளி நூலும் துணுக்கும் பஞ்சிலேயே தங்கிவிடும் என்று, அந்தப் பெருமையே இங்கே வினையாகிறது. அதிலும் சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் நோயாளியின் உமிழ்நீர் மற்றவர்களுடையதைவிடக் கெட்டியானது. சளி எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குப் பஞ்சில் அதிகம் தங்கும். ஆகவே நோய் முற்றியவரிடம்தான் கொழுப்பு அதிகமாகத் தொலையும். நோயின் தீவிரத்தைக் காட்ட வேண்டிய ஏற்றத்தை, அந்தத் தீவிரமே அழித்துவிடும். எல்லா மாதிரிகளிலும் ஒரே அளவு பிழை நேர்ந்தால் ஒரு திருத்தக் கணக்கைப் போட்டுச் சமாளிக்கலாம். நோயின் அளவோடு சேர்ந்து வளரும் பிழைக்குத் திருத்தக் கணக்கு கிடையாது. எனக்கு இந்தக் குழாயின் மேல் உள்ள மிகக் கடுமையான புகார் இதுதான்.

தீவிரம் என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் அளவுகோல் இல்லாமல் ஒப்பீடு இல்லை. ஒரு நொடியில் பலமாக ஊதி வெளியேற்றும் காற்றின் அளவை, வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கப்படும் அளவின் சதவீதமாகச் சொல்வது இன்று பரவலாக உள்ள முறை. 1958இல் ஷ்வாக்மனும் குல்சிட்ஸ்கியும் வகுத்த மதிப்பெண் முறை, அன்றாடச் செயல்பாடு, உடற்பரிசோதனை, ஊட்டநிலை, மார்பு எக்ஸ்ரே ஆகிய நான்கிற்கும் தலா 25 என்று 100க்குப் போடுவது. ஊதுகருவியில் ஊதத் தெரியாத சிறு குழந்தைகளுக்கு அது இன்றும் உதவுகிறது. உமிழ்நீர்க் கொழுப்பு இவற்றோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று காட்டினால்தான் அதற்குக் குறியீடு என்ற பெயர் பொருந்தும். ஊதுவதும் எக்ஸ்ரே எடுப்பதும் நோயாளிக்குத் தொல்லை. எச்சில் கொடுப்பது தொல்லையில்லை. அந்த ஆசை நியாயமானது என்பதால்தான் நாங்களும் இந்த வேலையில் இறங்கினோம்.

குழாயின் மேல் பழிபோட முடியாத பிழைகளும் இருக்கின்றன, அவற்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இருமும் நோயாளியின் வாயில் இருப்பது உமிழ்நீர் மட்டும் அல்ல. நுரையீரலிலிருந்து மேலேறி வந்த சளி, அதில் சிதைந்த வெள்ளணுக்கள், நுரையீரலின் உட்பரப்பில் பூசியிருக்கும் பாஸ்போலிப்பிட் எல்லாம் வாய்க்குள் கலந்துவிடும். இருமல் அதிகமான நோயாளியின் வாயில் கொழுப்பு அதிகம் என்று கண்டுபிடித்தால், நாம் சுரப்பியின் கதையைச் சொல்கிறோமா, மார்புச்சளியின் கதையைச் சொல்கிறோமா என்று தெரியாது. 1982ஆம் ஆண்டின் ஆய்வு தனிச் சுரப்பியின் நீரையே எடுத்துக்கொண்டதன் அருமை, வாயில் திரண்ட முழு உமிழ்நீரோடு மல்லுக்கட்டிய பிறகே எனக்குப் புரிந்தது. ஈறிலிருந்து கசியும் இரத்தமும் அப்படியே. இரத்தத்தில் கொழுப்பு உமிழ்நீரைவிடப் பன்மடங்கு அதிகம் என்பதால், கண்ணுக்கு இளஞ்சிவப்பாகத் தெரியும் மாதிரியை நாங்கள் இரண்டாம் யோசனையின்றிக் கொட்டிவிடுகிறோம்.

இன்னொன்று, கணைய நொதி மாத்திரை. நோயாளிகளில் ஏறக்குறைய 85 சதவீதத்தினருக்குக் கணையம் போதிய நொதியைக் குடலுக்கு அனுப்புவதில்லை. அவர்கள் ஒவ்வொரு வேளை உணவோடும் பன்றிக் கணையத்திலிருந்து எடுத்த, கொழுப்பைச் செரிக்கும் லைபேஸ் என்ற நொதி அடங்கிய கேப்சூலை விழுங்குகிறார்கள். விழுங்கத் தெரியாத குழந்தைக்கு உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் மணிகளை ஆப்பிள் கூழ் போன்ற புளிப்பான உணவில் தூவிக் கொடுப்பார்கள். மணிகளின் மேல்பூச்சு அமிலத்தில் கரையாது, அமிலம் குறைந்த இடத்தில் கரையும். ஈறுக்கும் கன்னத்துக்கும் இடையே சிக்கிய மணி அங்கேயே கரைந்து வாய்ப்புண் உண்டாக்குவது தாய்மார்கள் அறிந்த தொல்லை. அப்படிக் கரைந்த லைபேஸ் உமிழ்நீரில் இருந்தால், நம் குழாய்க்குள்ளேயே அது டிரைகிளிசரைடை வெட்டிக் கொழுப்பு அமிலமாக்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டும். கடைசி வேளை நொதி எப்போது, விழுங்கியதா, தூவியதா என்று கேட்டு எழுதிக்கொள்ளாத ஆய்வை நான் நம்ப மாட்டேன். நாக்கின் பின்புறச் சுரப்பிகளும் தம் பங்குக்கு ஒரு லைபேஸை விடுகின்றன. கணையம் படுத்துவிட்ட இந்த நோயாளிகளிடமும் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆகவே மாதிரி எடுத்த நொடியிலிருந்து பனிக்கட்டி அவசியம். சித்திரை வெயிலில் மேசைமேல் அரை மணி நேரம் மறந்துவிட்ட குழாய் எந்த நிறுவனத்தின் குழாயாக இருந்தாலும் வீண்.

ஒரு சிறுவனின் மாதிரி எங்களை இரண்டு நாள் அலைக்கழித்தது. டிரைகிளிசரைடின் இடத்தில் பருத்த புள்ளி. கொழுப்பு அமிலங்களைப் பிரித்துப் பார்த்தால் உமிழ்நீரில் அவ்வளவு இருக்கக் காரணமே இல்லாத லாரிக் அமிலம். அவனுடைய அம்மாவைக் கேட்டபோது, "பனிக்கு உதடு வெடிச்சிருந்ததுங்க சார், தேங்காயெண்ணெய் தடவித்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார். தேங்காயெண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் பாதியளவு லாரிக் அமிலம்தான். அன்றிலிருந்து எங்கள் கேள்வித்தாளில் உதட்டுக்கு என்ன தடவினீர்கள் என்ற வரி சேர்ந்தது. சுருளை விரலால் எடுத்து உதட்டில் உரசியபடி உள்ளே தள்ள வேண்டியிருப்பதால் இந்தக் குழாயில் இத்தகைய கலப்புக்கு வாய்ப்பு அதிகம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சின்னக் குழந்தைகளிடம் குழாயின் நடத்தை வேறு விதமாக ஏமாற்றியது. ஊறும் உமிழ்நீர் குறைவாக இருந்தால் அதைப் பஞ்சே குடித்துவிடுகிறது. சுழற்றிய பிறகு வெளிக்குழாயின் அடி ஈரமாவதோடு சரி. தூண்டாமல் ஊறும் உமிழ்நீர் பெரியவர்களுக்கே நிமிடத்துக்கு 0.3 முதல் 0.4 மில்லிலிட்டர் என்ற அளவில்தான் இருக்கும் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. அதைவிட முக்கியம், அடிக்கடி இருமல் வந்து மூச்சிழுக்கும் ஒரு குழந்தையின் வாயில் தனிச் சுருளை விடுவது எனக்கு மனத்துக்கு ஒப்பவில்லை. ஒரு முனையை வெளியே பிடித்துக்கொள்ளும்படியான நீண்ட குச்சி வடிவில் குழந்தைகளுக்கென்று தனியாக விற்பதை வாங்கலாம், பாதுகாப்பு கூடும். பஞ்சுக்குப் பதிலாகச் செயற்கை இழையால் ஆன சுருள்களும் உண்டு. அவற்றில் பருத்தி மெழுகு இல்லை, வெற்று மாதிரியில் புள்ளி குறைந்தது. ஆனால் சளியைப் பிடித்துவைக்கும் குணம் அங்கேயும் இருக்கிறது. பாதிக் கிணறு தாண்டியது போலத்தான்.

இப்போது நாங்கள் பயன்படுத்துவது விலை மலிவான ஏற்பாடு. நோயாளி வாயை நீரால் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் பத்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருப்பார். பிறகு தலையைச் சற்றுக் குனிந்து, வாயின் முன்பக்கம் தானாகத் திரளும் உமிழ்நீரைக் கீழுதட்டின் வழியே சிறு கண்ணாடிப் புனல் வைத்த கண்ணாடிக் குப்பிக்குள் ஒழுகவிடுவார். காறித் துப்பவோ உறிஞ்சவோ கூடாது. குனிந்த நிலையில் வாயின் தரையில் தேங்குவது பெரும்பாலும் கீழ்த்தாடைச் சுரப்பியின் நீர் என்பது இந்த முறையின் எதிர்பாராத லாபம். அவசரத்துக்கு உறிஞ்சுகுழல் துண்டையும் பிளாஸ்டிக் குப்பியையும் வைத்துச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மற்ற சோதனைகளுக்கு அது சரி. குளோரோஃபார்ம் பட்டால் பாலிஸ்டைரீன் குழாய் கரைந்து வெண்மையாகக் குழம்பிவிடும். பாலிப்ரொப்பிலீன் கரையாவிட்டாலும், வார்க்கும்போது சேர்த்த வழுக்குப் பொருட்களைக் கரைப்பானுக்குள் விட்டுவிடும், அவையும் கொழுப்பு அமிலத்தின் உறவினர்களே. ஆகையால் கரைப்பான் தொடும் எல்லாமே கண்ணாடி, மூடியின் உட்புறம் டெஃப்லான் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. எடுத்த மாதிரியை வடிகட்டாமல் நன்றாகக் குலுக்கி, முழுதாகவே பிரித்தெடுக்கிறோம். அன்றே பிரிக்க முடியாவிட்டால் மைனஸ் 80 பாகைக்குப் போகிறது.

இந்த முறையிலும் குறைகள் இல்லாமல் இல்லை. நான்கு ஐந்து வயதுக் குழந்தைகள் ஒழுகவிடச் சொன்னால் சிரிப்பார்கள், அல்லது விழுங்கிவிடுவார்கள். இளம்பெண்கள் கூச்சப்படுவார்கள், அவர்களுக்குத் தனியறை கொடுக்க வேண்டும். நேரமும் பிடிக்கும், ஒருவருக்குப் பதினைந்து நிமிடத்துக்குக் குறையாது. நோயாளிகள் ஒருவரிடமிருந்து ஒருவர் சூடோமோனாஸ், பர்கோல்டீரியா போன்ற கிருமிகளைப் பெற்றுவிடக் கூடாதென்று அவர்களை ஒரே நேரத்தில் ஒரே அறையில் அமர்த்துவதில்லை என்பதால், ஒரு காலையில் நான்கு பேருக்கு மேல் பார்க்க முடிவதில்லை. பஞ்சுச்சுருள் குழாயோடு ஒப்பிட்டால் வேகத்தில் இது தோற்றுவிடும்.

நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சிலர் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு விளக்கம். உமிழ்நீர்க் கொழுப்பு இன்னும் ஆராய்ச்சி நிலையில் உள்ள ஓர் அளவு. நோயை உறுதிசெய்வது வியர்வைச் சோதனையும் மரபணுச் சோதனையும்தான். 1959இல் கிப்சனும் குக்கும் வகுத்த முறைப்படி, பைலோகார்பின் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தி வியர்க்கவைத்து, அந்த வியர்வையில் குளோரைடு லிட்டருக்கு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் என்றும், 30க்குக் கீழே இருந்தால் நோய்க்கு வாய்ப்பு குறைவு என்றும் கொள்கிறார்கள். அந்த பைலோகார்பின் ஜபோராண்டி என்ற பிரேசில் நாட்டுச் செடியிலிருந்து கிடைப்பது, எச்சில் ஒழுகவைப்பது என்பதே அந்தப் பெயருக்கு அங்குள்ள தூப்பி மொழியில் பொருள் என்பார்கள். வியர்வைச் சோதனையும் உமிழ்நீரும் ஒன்றுக்கொன்று அவ்வளவு அந்நியமில்லை. இந்தியாவிலும் விலை குறைந்த வியர்வைச் சோதனைக் கருவியை உருவாக்கி, டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2002இல் வெளியிட்டார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்த நோயுள்ள பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறார்கள். அடிக்கடி நிமோனியா, எண்ணெய் மிதக்கும் மலம், எடை ஏறாமை, முத்தமிட்டால் உப்புக் கரிக்கும் நெற்றி என்று இருந்தால் போக வேண்டிய இடம் அப்படிப்பட்டது. எச்சில் குழாய் அல்ல.

ஆக, வாங்கலாமா என்ற கேள்விக்கு என் பதில்: கொழுப்பு, கார்டிசால் நீங்கலான ஸ்டீராய்டு ஹார்மோன், சளிப்புரதம் ஆகிய மூன்றில் எதை அளப்பதாக இருந்தாலும் பஞ்சுச்சுருள் குழாயை வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், தூய நீரை ஊற்றி ஒரு வெற்று மாதிரி ஓட்டிப் பார்க்காமல் ஒரு நோயாளியின் வாயிலும் அதை வைக்காதீர்கள். நீரில் எளிதாகக் கரையும் மருந்துகளையோ உப்புகளையோ அளப்பவர்கள், தாம் தேடும் பொருளுக்குத் தனியாகச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். அந்த வேலைக்கு இதன் வசதியையும் துப்புரவையும் நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அலமாரியில் மீதமிருந்த இரண்டு பெட்டிகளை, தேர்வுக் காலத்தில் மாணவர்களின் கார்டிசாலை அளக்கும் அடுத்த அறைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, அவர்களிடமிருந்து பழைய கண்ணாடிப் புனல்கள் ஒரு டஜன் வாங்கிக்கொண்டோம்.